கல்லைப் படித்த கலாயோகி

ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கலைதான். நடராசர் சிலையின் கருத்தை மேல்நாட்டாருக்கு விளக்கியவர், கண்டிக் கைவினைகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர், அமெரிக்காவின் பொஸ்டன் நகர நூதனசாலையில் 30 ஆண்டுகள் பணியாற்றியவர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. கலாயோகி என்றே தமிழுலகம் அவரை அழைக்கிறது. கொழும்பு 7இல் ஒரு வீதியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் அந்தக் கைகள் முதலில் பிடித்தவை ஒரு சுத்தியலும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஆகும். இலங்கையின் கனிப்பொருள்களை அளந்தறிய அமைக்கப்பட்ட ஆய்வகத்தின் முதல் தலைவர் அவர். பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் தேயிலை வேர் பிடித்து நிற்கும் மண்ணுக்கு அடியில் கிடக்கும் பாறையினத்தைப் பற்றி முறையாகக் கேள்வி எழுப்பிய முதல் சிலருள் அவரும் ஒருவர். அவர் எழுப்பிய கேள்வியின் பின்னால் போனால், மலையுச்சியில் நிற்கும் நாம் ஒரு பழங்கடலின் அடித்தளத்தில் போய் நிற்போம். கலைஞர் குமாரசுவாமியைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கல்லைப் படித்த குமாரசுவாமியை நம் மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பிறப்பும் பெற்றோரும்

1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் அவர் பிறந்தார். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழ்ப் பரம்பரையில் வந்த சட்ட அறிஞர். சட்டநிரூபண சபையின் உறுப்பினர். அரிச்சந்திரன் நாடகத்தையும் பௌத்தப் பாளி நூல்களையும் ஆங்கிலத்தில் தந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய சகோதரியின் பிள்ளைகள். தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண்மணி.

குழந்தை ஆனந்தனுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, 1879 மே மாதத்தில் தந்தை காலமானார். அப்போது தாயும் மகனும் இங்கிலாந்தில் இருந்தார்கள். தந்தையும் அங்கே போய்ச் சேரவிருந்த வேளையில் மரணம் முந்திக்கொண்டது. இளம் வயதில் கணவனை இழந்த எலிசபெத் மறுமணம் செய்யாமல் மகனை வளர்த்தெடுத்தார். தந்தையின் நாட்டை மகன் நேரில் காணாமலே வளர்ந்தான். ஆனாலும் அந்த நாட்டின் பெயரையும் உறவையும் தாய் அவன் மனத்திலிருந்து அழியவிடவில்லை. ஒரு பிள்ளை பிற்காலத்தில் என்னவாகிறது என்பதில் தாயின் பங்கு எவ்வளவு என்பதற்கு இந்த வாழ்க்கையும் ஒரு சான்று.

பாறையோடு முதல் பழக்கம்

12 வயதில் குளோஸ்டர்ஷயரில் உள்ள விக்ளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். பாடசாலைக்கு அருகே டோவ்ரோ என்றொரு குன்று இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடிய அந்தக் குன்றின் பாறை அடுக்குகளை இவர் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குன்றின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அவரது பாடசாலைச் சஞ்சிகையில் 1895இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18 கூட நிறையவில்லை. பின்னாளில் உலகமே படித்த ஓர் எழுத்தாளரின் தொடக்கம், இதைப் போன்ற ஒரு கல்லூரி ஏட்டில்தான் நிகழ்ந்தது என்பதை எழுத ஆசைப்படும் தங்கைமார் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1900இல் சிறப்புப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது ஆய்வுரை இலண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் காலாண்டிதழில் வந்தது. 1902இல் இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக்கற்களைப் பற்றிய ஆய்வுரை வெளியானது. நம் மாகாணத்தோடு நேராகத் தொடர்புடையது இந்த இரண்டாவது ஆய்வுதான்.

சுண்ணாம்புக்கல் எழுப்பிய கேள்வி

மத்திய மலைநாட்டிலும் ஊவாவிலும் வெண்மையான பட்டைகளாகச் சலவைக்கல் ஓடுகிறது. மக்கள் அதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அதில் மகனீசியம் கலந்த வகையே டொலமைட். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைகளில், மண்ணின் புளிப்பை மாற்றுவதற்காகத் தூவப்படும் வெள்ளைத் தூள் அதுதான். நம் தாய்மார் பலரின் கைபட்ட பொருள்.

இந்தச் சலவைக்கல் எங்கிருந்து வந்தது? குமாரசுவாமியின் காலத்தில் இதற்குத் தெளிவான விடை இல்லை. வெள்ளைக்கல் பட்டையும் கருநிறப் பாறைப் பட்டையும் மாறி மாறி அடுக்கியிருந்தன. இரண்டும் சேரும் இடத்தில் புதுப்புதுக் கனிப்பொருள்கள் முளைத்திருந்தன. எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்துச் சொல்வது கடினம். பாறையை மெல்லிய சீவல்களாக அரைத்து, நுணுக்குக்காட்டியில் வைத்து, கண்டதைக் கண்டவாறு அவர் பதிந்து வைத்தார். தீர்ப்பை அவசரப்பட்டு எழுதாமல் சான்றைச் சேர்த்து வைப்பதே அவரது வழக்கம்.

விடை பின்னால் வந்தது. 1929இல் கனடாவைச் சேர்ந்த பிராங்க் டோசன் அடம்ஸ் இலங்கைப் புவிச்சரிதம் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்தப் பாறைகளை ஒரு குடும்பமாக இனங்கண்டார்கள். மூன்று உடன்பிறப்புகள் என்று இவற்றைச் சொல்லலாம். முதலாவது படிகக்கல், அது ஒரு காலத்தில் கடற்கரை மணல். இரண்டாவது கொண்டலைட் எனப்படும் செம்மணிக்கல் பொதிந்த பாறை. அது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. மூன்றாவது சலவைக்கல்; அது ஒரு காலத்தில் கடல்நீரிலிருந்து படிந்த சுண்ணாம்பு. மணலும் சேறும் சுண்ணாம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது ஆழம் குறைந்த கடலில்தான்.

அந்த மணலில் இருந்த சிர்க்கன் மணிகளை இக்கால முறைகளால் அளந்தபோது, அவற்றின் வயது 200 கோடி முதல் 320 கோடி ஆண்டுகள் வரை எனத் தெரிந்தது. அதற்கும் முந்திய ஏதோ ஒரு நிலத்தை ஆறுகள் அரித்துக் கொண்டுவந்து இந்தக் கடலில் கொட்டியிருக்கின்றன. பின்னர் ஏறத்தாழ 61 கோடி ஆண்டுகளுக்கும் 55 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இந்தப் படிவுகள் பூமியின் ஆழத்துக்கு அமிழ்ந்தன. அங்கே 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறின. அப்படி வெந்த கடலடிதான் இன்று ஊவா மலையாக எழுந்து நிற்கிறது.

தாய்நாடு திரும்புதல்

1902இல் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்ற பெண்ணை அவர் மணந்தார். அடுத்த ஆண்டு கனிப்பொருள் ஆய்வுப் பொறுப்பை ஏற்று இருவரும் இலங்கைக்கு வந்தனர். ஊர் ஊராக, மாட்டு வண்டியில், கூடாரம் அடித்துத் தங்கிய வாழ்க்கை. அவர் பாறைகளைக் குறித்தார். எதெல் புகைப்படம் பிடித்தார், கைவினைகளையும் தையல் வேலைகளையும் கவனித்துப் பதிந்தார்.

எதெலைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். கணவனின் நிழலாக மறைந்துபோன பெண் அல்லர் அவர். இலங்கையில் நெசவையும் சாயத்தையும் கண்டு கற்றவர், பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளராக விளங்கினார். தொழில்துறை வடிவமைப்புக்காக அந்நாட்டில் வழங்கப்படும் அரச விருதை 1937இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. இருவரின் இல்லறம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் இருவர் சேர்ந்து செய்த வேலை நீடித்தது.

கறுப்புக் கட்டி

சப்ரகமுவா மாகாணத்தில், பலாங்கொடைக்கு அருகே பம்பரபொட்டுவப் பகுதியில், இரத்தினக்கல் தேடுவோர் ஆற்றுப் படுகையின் இல்லத்தைக் கழுவும்போது ஒரு கறுப்புக் கட்டி அடிக்கடி கூடையில் தங்கியது. சிறு சிறு சதுரக் கட்டிகள். அளவுக்கு மீறிய பாரம். மின்னவுமில்லை, விலை போகவுமில்லை. இரத்தினக்கல்லோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய வேருவளை வணிகருக்கும் அதனால் பயனில்லை.

1904இல் அந்தக் கட்டி ஆய்வுக்கு வந்தது. யுரேனியம் செறிந்த ஒரு கனிப்பொருளாக இருக்கலாம் என்று குமாரசுவாமி கருதி, இலண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, அதில் மிகப் பெரும்பங்கு தோரியம் ஒட்சைட்டு என்பது தெரியவந்தது. கூடவே யுரேனியமும் இருந்தது. உலகம் அதுவரை அறியாத கனிப்பொருள். அதற்குத் தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1903இல், கண்டிப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு புதிய கனிப்பொருளை ஜோர்ஜ் பிரயருடன் சேர்ந்து குமாரசுவாமி அறிவித்திருந்தார். நம் தீவின் பழைய அரபுப் பெயரான செரந்தீபை நினைவூட்டும் வகையில் அதற்குச் செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள்.

தோரியனைட் வெளிவந்த காலம் கதிர்த்தொழிற்பாடு என்ற புதிய அறிவியல் பிறந்து வளர்ந்த காலம். சேர் வில்லியம் ராம்சே இந்தக் கட்டிக்குள் அடைபட்டிருந்த ஈலிய வாயுவை வெளியேற்றிக் காட்டினார். அவருடைய ஆய்வுகூடத்தில் 1905இல் பணிபுரிந்த இளைஞர் ஒட்டோ ஹான், இலங்கைத் தோரியனைட்டிலிருந்தே கதிர்த்தொழிற்பாடுள்ள ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹானின் ஆய்வு வாழ்வு அங்கே தொடங்கிற்று. ஒரு கனிப்பொருளுக்குள் ஈலியம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து அதன் வயதைக் கணிக்கலாம் என்ற எண்ணத்தை, ஸ்ட்ரட் என்ற அறிஞர் இதே கட்டியைக் கொண்டு சோதித்தார். 1914இல் பிரெடெரிக் சொடி, இலங்கையின் தோரைட் என்ற உறவுக் கனிப்பொருளிலிருந்து எடுத்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமானது என்று காட்டினார். ஒரே மூலகத்துக்குப் பாரம் வேறுபட்ட சமதானிகள் உண்டு என்ற கொள்கைக்கு அது வலுவான சான்றாயிற்று.

நம் ஆற்றிலே கிடந்த கல் அது. படித்தவர்கள் இலண்டனிலும் கிளாஸ்கோவிலும் இருந்தார்கள். அக்காலத்தில் வாயு விளக்கின் திரிக்குத் தோரியம் தேவைப்பட்டதால் கல்லும் கப்பலேறியது. இந்த நிலைமை குமாரசுவாமியின் மனத்தில் என்ன எண்ணங்களை எழுப்பியிருக்கும் என்று ஊகிக்க அவரது பிற்கால வாழ்க்கையே போதும்.

கடல் எழுதிய கணக்கு

தோரியமும் யுரேனியமும் ஒரே கட்டிக்குள் கூடியிருப்பதில் இன்னொரு பாடம் இருக்கிறது. குமாரசுவாமியின் காலத்துக்குப் பின்னரே விஞ்ஞானிகள் அதை முழுமையாகப் படித்தார்கள்.

இரண்டும் பாறைக்குள் ஒட்டியே வாழும் சகோதரர்கள். பாறை உடைந்து மழையிலும் ஆற்றிலும் அகப்பட்டதும் குணம் வேறாகிறது. தோரியம் நீரில் கரைய மறுக்கிறது. மணலோடு மணலாகப் படுகையிலேயே தங்கிவிடுகிறது. யுரேனியமோ ஒட்சிசன் உள்ள நீரைக் கண்டால் கரைந்து கடலுக்குப் போய்விடுகிறது. இன்றைய கடல்நீரில் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 3 மைக்கிரோகிராம் யுரேனியம் உண்டு. தோரியமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கரைந்த யுரேனியம் ஒட்சிசன் இல்லாத கடலடிச் சேற்றை அடையும்போது மீண்டும் கரையாப் பொருளாகி அங்கே படிகிறது.

ஆகவே பழைய கடற்சேற்றால் ஆன ஒரு பாறையில் தோரியத்தோடு ஒப்பிட யுரேனியம் மிகுந்திருந்தால், அந்தக் காலத்துக் காற்றில் யுரேனியத்தைக் கரைக்கும் அளவுக்கு ஒட்சிசன் இருந்தது என்று கொள்ளலாம். மொலிப்டினம், வனேடியம் ஆகியவையும் இவ்வாறே சாட்சி சொல்கின்றன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கறுப்புச் சேற்றுப் பாறைகளில் மொலிப்டினம் பெரும்பாலும் மிகக் குறைவு. காற்றில் ஒட்சிசன் நிலைபெற்றபின் அது கூடுகிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிதும் உயர்கிறது. இவை பாறையில் மிகச் சிறிய அளவில், பத்து இலட்சத்தில் சில பங்குகளாகவே இருக்கும். அதனால் இவற்றைச் சுவட்டு உலோகங்கள் என்கிறோம். காலடிச் சுவடு சிறிதுதான். நடந்து போனவர் யார், எந்தப் பக்கம் போனார் என்பதை அது சொல்லிவிடும்.

இந்தக் கணக்கை ஊவாப் பாறையில் வாசிப்பது எளிதன்று. நம் பாறை வெந்த பாறை. அவ்வளவு வெப்பத்தில் சில உலோகங்கள் இடம் மாறியிருக்கும், சில வெளியேறியிருக்கும். ஆதலால் ஆதிக்கடலைத் தேடுவோர் அவுஸ்திரேலியாவின் மேற்கிலும் தென்னாபிரிக்காவிலும் உள்ள, அதிகம் சூடுபடாத பாறைகளையே முதலில் நாடுகிறார்கள். ஆனால் நம் பாறையும் முற்றாக ஊமையாகிவிடவில்லை. சலவைக்கல்லிலும் காரீயத்திலும் உள்ள காபனின் சமதானிகளும், அழியாத சிர்க்கன் மணிகளும் இன்னும் பேசுகின்றன. எந்தச் சாட்சி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்து கேட்பதுதான் அறிவியல். சான்று அனுமதிக்கும் எல்லையோடு நின்ற குமாரசுவாமியின் பழக்கத்துக்கு இங்கேதான் மதிப்பு.

கல்லிலிருந்து கைவினைக்கு

இலங்கைப் புவிச்சரிதம் பற்றிய பணிக்காக இலண்டன் பல்கலைக்கழகம் 1906இல் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. வயது 29ஐத் தொடும் நேரம். அந்த வழியில் போயிருந்தால் உயர்பதவிகள் காத்திருந்தன. அவர் வேறு வழியில் திரும்பினார்.

பாறை தேடிப் போன ஊர்களில் அவர் மனிதர்களைக் கண்டார். பலாங்கொடைப் பக்கத்தில் மண்ணுலையில் இரும்பு உருக்கத் தெரிந்த கடைசித் தலைமுறையினரைக் கண்டார். அவர்கள் வேலை செய்யும் முறையை அடி அடியாகக் குறித்துக்கொண்டார். இறக்குமதி இரும்பு மலிவாக வந்திறங்கியதால் அந்த உலைகள் அணைந்துகொண்டிருந்தன. தச்சர், குயவர், நெசவாளர், பாய் பின்னுவோர் எல்லோருடைய நிலையும் அப்படியே. பல கோடி ஆண்டு பழைமையான கல்லுக்கு ஓர் ஆய்வகம் இருந்தது. பல நூறு ஆண்டு பழைமையான கைத்திறன் கண்முன்னே அழிவதைக் குறித்துவைக்க ஆளில்லை.

அந்தக் குறிப்புகளே 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை என்ற பெருநூலாக வெளிவந்தன. ஊவாவும் அடங்கிய பழைய கண்டி இராச்சியத்தின் கலைகளை அது பேசுகிறது. தம் மேற்பார்வையில், கையச்சு இயந்திரத்தில், 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர் சிங்களக் கைவினைஞரின் புகழை உலகறியச் செய்தார். இன எல்லைகள் அவர் அறிவுக்கு வேலியாகவில்லை.

அந்த உலைகளின் கதை அத்தோடு முடியவில்லை. 1990களில் ஜில் ஜூலெப் என்ற பெண் தொல்லியலாளர், ஊவாவின் எல்லையை அண்டிய சமனலவெவப் பகுதியில் பழைய உருக்குலை இடங்கள் பலவற்றை ஆராய்ந்தார். தென்மேற்குப் பருவக்காற்று முகத்தில் அடிக்கும் மலைச்சரிவுகளில் அவை அமைந்திருந்தன. துருத்தியே இல்லாமல் காற்றின் வேகத்தில் உருக்கெடுக்க முடியும் என்பதை உலை கட்டிச் செய்து காட்டி, 1996இல் வெளியிட்டார். 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அவை இயங்கின. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் செரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். நம் மலைக்காற்றில் உருகிய உலோகத்தின் பெயர் அரபு நூலில் ஏறியிருக்கிறது.

சமூகப் பணியும் கடல் கடந்த வாழ்வும்

இலங்கையில் இருந்த காலத்திலேயே சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, சஞ்சிகை நடத்தி, சொந்த மொழியையும் மரபையும் பிள்ளைகளுக்கு அந்நியமாக்கும் கல்வியை அவர் கண்டித்தார். அறிவியல் கற்றவர் அறிவியலை எதிர்க்கவில்லை. தன் வீட்டை மறக்கச் சொல்லும் கல்வியையே எதிர்த்தார்.

பின்னர் இந்தியா முழுவதும் பயணம் செய்து ஓவியங்களையும் சிற்பங்களையும் சேகரித்தார். ராஜபுத்திர ஓவியம் பற்றிய அவரது நூல் 1916இல் வந்தது. சேகரித்ததைக் கொண்டு இந்தியாவில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்க விரும்பினார், அது கைகூடவில்லை. 1917இல் அந்தச் சேகரிப்போடு பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்று இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். சிவ நடனம் 1918இலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927இலும் வெளிவந்தன.

நம் வாசகியர் அறிய வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் பெரும் பொறியியலாளர் அல்ஜசரியின் தானியங்கிப் பொறிகளைப் பற்றிய அரபு நூலின் ஓவியத் தாள்கள் சில பொஸ்டன் நூதனசாலையில் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 1924இல் ஒரு நூல் வெளியிட்டார். முகலாய ஓவியங்களுக்கு 1930இல் விரிவான விபரப்பட்டியல் தந்தார். பாரசீக, முகலாயக் கலை மரபில் ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றி 1934இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். சான்றைத் தொட்டு, எடைபோட்டு, ஒப்பிட்டு, அதன்பின் பேசும் பழக்கம் அத்தனையிலும் தெரிகிறது. ஓவியத்தை அணுகியபோதும் கல்லைச் சீவிப் பார்த்த அதே கண்தான்.

1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, அமெரிக்காவில், 70 வயது நிறைந்து சில நாட்களில் அவர் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்றதை அறிந்தார். இலங்கை விடுதலை பெற இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

ஊவாவில் பாறை என்பது ஏட்டுப் பாடம் மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம் மாவட்டம் மறக்காது. அந்த நிலம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை இருந்தது. நிலத்தின் மொழியைச் சிலர் அறிந்திருந்தார்கள். அது மலையடியில் வாழ்ந்தவர்களின் வீடுவரை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. மண்ணையும் கல்லையும் படித்த ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால், எச்சரிக்கை அவள் வாயிலிருந்து தாய்மொழியில் வரும். அதைக் கேட்பதற்கு அம்மாவும் அப்பாவும் இருப்பார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் கற்பிக்கப்படுகிறது. மருத்துவமும் ஆசிரியத் தொழிலும் சிறந்தவைதாம். அவற்றோடு இந்தத் துறையும் நம் பெண்பிள்ளைகளுக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். காட்டிலும் மேட்டிலும் அலையும் படிப்பு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, மாட்டு வண்டியில் ஊர்சுற்றிப் படம்பிடித்த எதெலையும், பருவக்காற்றில் உலை மூட்டிய ஜூலெப்பையும் காட்டலாம்.

நம் ஆற்றுக் கல்லை அயல்நாட்டார் படித்துப் புகழ்பெற்ற காலத்தில், இந்த மண்ணின் மகன் ஒருவர் முதல் ஆளாகச் சுத்தியலோடு நின்றார். அவர் தொடங்கிவைத்த வாசிப்பில் எத்தனையோ பக்கங்கள் இன்னும் திறக்கப்படவில்லை. அவற்றுள் சில, பாடசாலைக்கு நடந்துவரும் வழியில், தேயிலைச் செடிகளுக்கிடையே மழையில் கழுவுண்டு கிடக்கின்றன.